எஃப்எம்ஆர்ஐ படத்தில் ஒளிர்வது மூளையின் உழைப்பா, ரத்த ஓட்டமா?

2025 டிசம்பரில் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று, "எம்ஆர்ஐ காட்டுவதில் 40 சதவீதம் தவறு" என்ற பாணியில் பல இடங்களில் செய்தியானது. அதைப் படித்தவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் வந்தன. மருத்துவமனையில் எடுத்த தலை ஸ்கேனை இனி நம்பலாமா என்பது ஒன்று. மூளை ஆய்வில் முப்பது ஆண்டுகளாகச் சொன்னதெல்லாம் பொய்யா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் "நம்பலாம்", இரண்டாவதற்கு "இல்லை". ஆனால் அந்த ஆய்வு தொட்டிருக்கும் சிக்கல் உண்மையானது, பழையது. மூளைப் படங்களின் வண்ணப் புள்ளிகள் எதை அளக்கின்றன என்று அடியிலிருந்து பார்த்தால்தான் அது பிடிபடும்.

எந்த ஸ்கேனைப் பற்றிய பேச்சு இது

பக்கவாதம், கட்டி, தலைவலி என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் எம்ஆர்ஐ, திசுக்களில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களை வைத்து மூளையின் அமைப்பைப் படம் பிடிக்கிறது. அதற்கும் இந்தச் செய்திக்கும் சம்பந்தம் இல்லை.

பேசப்படுவது செயல்பாட்டு எம்ஆர்ஐ, அதாவது எஃப்எம்ஆர்ஐ. அதே கருவிதான். ஆனால் ஒரே இடத்தை இரண்டு நொடிக்கு ஒருமுறை, பல நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்பப் படமெடுப்பார்கள். ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர் விரலை அசைப்பார், மனக்கணக்குப் போடுவார், அல்லது சும்மா இருப்பார். பணி நடக்கும்போதும் நடக்காதபோதும் சமிக்ஞை எங்கே வேறுபடுகிறது என்று கணக்கிட்டு, அந்த இடங்களுக்கு வண்ணம் பூசுவார்கள். வேறுபாடு மிகச் சிறியது: 3 டெஸ்லா காந்த வலிமை கொண்ட கருவியில் பெரும்பாலும் 0.5 முதல் 3 சதவீதம். படத்தில் தெரியும் தீப்பிழம்புச் சிவப்பு, கணினி இட்ட சாயம்.

மூளையின் ஆக்சிஜன் கணக்கு

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு என்று ஏதும் கிடையாது. ரத்தம் நின்றால் 10 நொடிக்குள் நினைவு தப்பும். மின்சமிக்ஞையை அனுப்புவதைவிட, சமிக்ஞை வந்துபோன பின் சோடியம், பொட்டாசியம் அயனிகளைப் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பும் வேலைக்கே ஆற்றலில் பெரும்பங்கு போகிறது.

கணக்கின் அடிப்படைச் சமன்பாடு எளிது:

ஆக்சிஜன் செலவு = ரத்த ஓட்டம் × தமனி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் × பிரித்தெடுப்பு விகிதம்

வந்து சேரும் ஆக்சிஜனில் எத்தனை பங்கைத் திசு எடுத்துக்கொள்கிறது என்பதே பிரித்தெடுப்பு விகிதம். ஆரோக்கியமான பெரியவருக்கு எண்கள் சுமாராக இப்படி வரும்:

1. ரத்த ஓட்டம்: 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி. (இது சராசரி. சாம்பல் நிறப் பகுதியில் இதைவிட அதிகம், வெள்ளைப் பகுதியில் குறைவு.)
2. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன்: 100 மில்லிக்கு 20 மில்லி. ஆகவே வந்து சேர்வது நிமிடத்துக்கு 10 மில்லி.
3. பிரித்தெடுப்பு விகிதம்: 35 சதவீதம்.
4. செலவு: நிமிடத்துக்கு 3.5 மில்லி.

மீதி 65 சதவீதம், பயன்படாமல் சிரை வழியே திரும்பிவிடுகிறது. எஃப்எம்ஆர்ஐ என்னும் முறையே இந்த மிச்சத்தின் மேல்தான் நிற்கிறது.

காந்தத்துக்குத் தெரிவது எது

1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கண்டது இது: ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினை ஈர்க்கும். இறக்கிவிட்ட நிலையில் இரும்பு அணுவில் நான்கு எலக்ட்ரான்கள் இணையின்றி நிற்பதே காரணம்.

ஆக்சிஜன் இழந்த ரத்தம் ஓடும் குழாயைச் சுற்றிக் காந்தப்புலம் லேசாகக் கோணலாகிறது. அந்தக் கோணலுக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன்கள் ஆளுக்கொரு வேகத்தில் சுழன்று, ஒன்றுக்கொன்று ஒத்திசைவை இழக்கின்றன. சமிக்ஞை சீக்கிரம் மங்குகிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் குறைந்தால் மங்கல் குறையும், படம் பளிச்சிடும். இந்த வேறுபாடு நன்றாகத் தெரிய, 3 டெஸ்லா கருவியில் ரேடியோ துடிப்பு அனுப்பிச் சுமார் 30 மில்லிநொடி கழித்துச் சமிக்ஞையைப் படிப்பார்கள்.

1990இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவாவின் குழு எலிகளில் இதைக் காட்டியது. 1992இல் மூன்று அமெரிக்கக் குழுக்கள் மனிதர்களில் காட்டின. இதற்கு 'போல்ட்' சமிக்ஞை என்று பெயர். 'ரத்த ஆக்சிஜன் நிலையைச் சார்ந்தது' என்று பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்.

இதில் 'நியூரான்' என்ற சொல் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அளக்கப்படுவது, ஒரு சிறு கனசதுரத்துக்குள் (இதை வோக்செல் என்பார்கள், வழக்கமாகப் பக்கத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்) ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் எவ்வளவு கிடக்கிறது என்பது மட்டுமே. அந்தக் கனசதுரத்தில் நியூரான்கள் லட்சக்கணக்கில் இருக்கும்.

உழைக்கும் இடம் ஏன் பளிச்சிடுகிறது

நியாயப்படி பார்த்தால் நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். நியூரான்கள் உழைத்தால் ஆக்சிஜன் செலவாகும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் கூடும். படம் மங்க வேண்டும். மங்குவதில்லை, பளிச்சிடுகிறது.

விடை 1986இல் பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்க்லேயும் பெட் ஸ்கேனில் (கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்தி எடுப்பது) கண்டதில் இருக்கிறது. விரல்களில் அதிர்வு கொடுத்தபோது அதற்குரிய மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. ஆக்சிஜன் செலவு கூடியதோ 5 சதவீதம். தேவைக்குப் பல மடங்கு மேலாக ரத்தம் பாய்ந்திருக்கிறது. பின்னால் வந்த பல அளவீடுகளில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை. செலவு ஒரு பங்கு கூடினால் ஓட்டம் இரண்டு முதல் நான்கு பங்கு கூடும் என்பதே இன்று பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் வரம்பு. எப்படியானாலும் வரத்து செலவை மிஞ்சுகிறது. புதிய ரத்தம் வந்து, ஆக்சிஜன் இழந்ததை அடித்துக்கொண்டு போகிறது.

ஆக்சிஜன் பற்றாக்குறையை உணர்ந்துதான் ரத்தக் குழாய்கள் விரிகின்றன என்று நினைக்கத் தோன்றும். 1890இல் ராயும் ஷெரிங்டனும் திசுவின் வளர்சிதைமாற்றக் கழிவுகளே குழாய்களை விரிக்கின்றன என்று முன்வைத்ததும் இதையொட்டிய கருத்துதான். இன்றைய புரிதல் வேறு. நியூரான்களுக்கிடையே குளூட்டமேட் என்ற சமிக்ஞை வேதிப்பொருள் பரிமாறப்படும்போதே நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின் போன்றவை வெளிப்பட்டு, சிறு தமனிகளின் தசைகளைத் தளர்த்திவிடுகின்றன. இதில் நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களுக்கும், தந்துகிகளைச் சுற்றியிருக்கும் பெரிசைட் செல்களுக்கும் பங்குண்டு. அதாவது பஞ்சம் வந்த பிறகு அனுப்பும் நிவாரணம் அல்ல. வேலை தொடங்கும் செய்தி கேட்டதுமே அனுப்பிவிடும் முன்கூட்டிய சப்ளை. காற்றில் ஆக்சிஜனைக் குறைத்து, கண்ணுக்குக் காட்சித் தூண்டல் கொடுத்த சோதனையிலும் ஓட்டத்தின் அதிகரிப்பு மாறவில்லை என்று 2001இல் பதிவானது. பற்றாக்குறைதான் விசை என்றால் அது மாறியிருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அள்ளித் தருகிறது என்பதற்கு ஒரு நல்ல விளக்கம்: ஓட்டம் வேகமெடுத்தால் ரத்தம் தந்துகிக்குள் தங்கும் நேரம் குறைகிறது, ஆக்சிஜன் வெளியே கசியக் கிடைக்கும் அவகாசமும் குறைகிறது. அதனால் செலவு சிறிது கூட வேண்டுமென்றாலும் ஓட்டம் நிறையக் கூட வேண்டியிருக்கிறது.

இந்தச் சங்கிலிக்கு நேரமும் பிடிக்கும். நியூரான் மில்லிநொடியில் வேலையை முடித்துவிடும். போல்ட் சமிக்ஞை ஒன்றிரண்டு நொடி கழித்து எழத் தொடங்கி, 5 அல்லது 6ஆவது நொடியில் உச்சம் தொட்டு, பிறகு ஆரம்ப அளவுக்குக் கீழே இறங்கி, அரை நிமிடம் வரை எடுத்து நிலைக்கு வரும்.

ஒரே சமிக்ஞை, வெவ்வேறு நிலைமைகள்

கல்யாண வீட்டுப் பந்தி முடிந்து சமையற்கட்டில் மிச்சம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்திருக்கலாம், ஆள் அதிகம் வந்தும் அதைவிட அதிகமாகச் சமைத்திருக்கலாம். எத்தனை படி அரிசி உலையில் போட்டார்கள் என்று தெரியாமல், மிச்சத்தை மட்டும் பார்த்து எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. போல்ட் அளப்பது இந்த மிச்சத்தை. சமைத்தது ஓட்டம், சாப்பிட்டது செலவு. தெரியாத எண்கள் இரண்டு, அளவீடு ஒன்று.

மேலே கொடுத்த எண்களை வைத்தே இதைப் போட்டுப் பார்க்கலாம். போல்ட்டை ஓட்டத்தோடும் செலவோடும் இணைத்து 1998இல் டேவிஸ் குழு தந்த சமன்பாட்டை, இன்று 3 டெஸ்லாவுக்கு வழக்கமாகப் பயன்படும் அடுக்குகளோடு (0.2, 1.3) எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் முழுவதையும் வெளியேற்றினால் கிடைக்கும் உச்ச சமிக்ஞையை 8 சதவீதம் என்று வைப்போம்.

1. ஓட்டம் 40 சதவீதம், செலவு 15 சதவீதம் கூடுகின்றன. வரத்து 14 மில்லி, செலவு 4.03 மில்லி, பிரித்தெடுப்பு 35இலிருந்து 29 சதவீதமாக இறங்குகிறது. போல்ட் சுமார் 1.4 சதவீதம் கூடும். பாடப்புத்தகம் சொல்லும் நிலைமை இதுதான்.
2. ஓட்டம் 19 சதவீதம் கூடுகிறது, செலவு துளியும் கூடவில்லை. பிரித்தெடுப்பு இப்போதும் 29 சதவீதம். போல்ட் அதே 1.4 சதவீதம் கூடும்.
3. ஓட்டம் மாறவில்லை, செலவு 10 சதவீதம் கூடுகிறது. பிரித்தெடுப்பு 38.5 சதவீதமாக ஏறுகிறது. போல்ட் சுமார் 1.1 சதவீதம் குறையும். நியூரான்கள் அதிகம் உழைக்கின்றன. படமோ 'அடங்கிவிட்டது' என்று நீலத்தில் காட்டும்.

முதல் இரண்டையும் போல்ட் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பிரித்தறிய முடியாது. மூன்றாவது, தலைகீழாகவே படிக்கப்படும்.

மியூனிக் ஆய்வு செய்தது

மூன்றாவது வகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதுதான் மியூனிக் குழுவின் கேள்வி. 40க்கும் மேற்பட்ட ஆரோக்கியமானவர்களுக்கு மனக்கணக்கு, சொந்த வாழ்க்கை நினைவுகள் போன்ற பணிகளைக் கொடுத்து, வழக்கமான போல்ட் அளவீட்டோடு ரத்த ஓட்டத்தையும் பிரித்தெடுப்பு விகிதத்தையும் தனித்தனியே அளந்து, ஆக்சிஜன் செலவைக் கணக்கிட்டார்கள். போல்ட் குறிப்பிடத்தக்க அளவு மாறிய வோக்செல்களில் சுமார் 40 சதவீதத்தில் செலவு எதிர்த்திசையில் போனது. அவை பெரும்பாலும் ஓட்டத்தைக் கூட்டாமல், வரும் ரத்தத்திலிருந்து கூடுதலாகப் பிரித்தெடுத்தே தேவையைச் சமாளித்த இடங்கள். ஓய்வில் சுறுசுறுப்பாகவும் பணியில் 'அடங்கியும்' இருப்பதாகக் கருதப்படும் இயல்புநிலை வலையமைப்பில் இது அதிகம் தென்பட்டது.

'40 சதவீத முடிவுகள் தவறு' என்று இதைப் படிப்பது சரியல்ல. காரணங்கள்:

1. எண்ணப்பட்டவை வோக்செல்கள், ஆய்வுக் கட்டுரைகளோ, நோயாளிகளின் ஸ்கேன்களோ அல்ல.
2. ஆக்சிஜன் செலவும் நியூரான் செயல்பாடும் நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. எதிர்த்திசை என்று காட்டப்பட்டது செலவுக்கும் போல்ட்டுக்கும் இடையே.
3. பிரித்தெடுப்பை எம்ஆர்ஐயில் அளக்கும் முறையிலேயே தற்செயல் ஏற்ற இறக்கம் அதிகம். காற்றறைகளுக்கு அருகில் காந்தப்புலம் வேறு காரணத்தால் கோணலாகி அளவைக் கெடுக்கும். செலவின் மாற்றம் பூச்சியத்தை ஒட்டி இருக்கும் வோக்செலில், சின்னப் பிழைகூடக் கூட்டலைக் கழித்தலாக்கிவிடும்.

மூன்றாவது காரணத்தால் 40 என்ற எண் நாளை இறங்கலாம். ஆனால் அது பூச்சியத்துக்கு வரும் என்று எதிர்பார்க்க எந்த அடிப்படையும் இல்லை. மேலே போட்ட கணக்கே அதை அனுமதிக்காது. எனக்குத் தோன்றுவது, சிவப்புப் புள்ளிகளுக்கு வந்த சேதத்தைவிட நீலப் புள்ளிகளுக்கு வந்த சேதம் பெரிது. போல்ட் குறைவதை 'செயல்பாடு குறைகிறது' என்று எழுதும் பழக்கம் எப்போதுமே தளர்வான நிலத்தில்தான் நின்றது.

நியூரானைத் தொடாமல் சமிக்ஞையை மாற்றுபவை

ஓட்டத்தை மாற்றும் எதுவும் போல்ட்டை மாற்றும். நடைமுறையில் அடிக்கடி கெடுப்பவை இவை.

1. மூச்சு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளைக் குழாய்கள் விரியும். 1 மிமீ பாதரச அழுத்தம் கூடுவதற்கு ஓட்டம் சுமார் 3 முதல் 4 சதவீதம் கூடும். 15, 20 நொடி மூச்சடக்கினால், பணியால் வரும் மாற்றத்துக்கு இணையாகவோ மேலாகவோ சமிக்ஞை எகிறும். பயந்துபோய் வேகமாக மூச்சுவிட்டால் நேர்மாறு. பயமுறுத்தும் படங்களைக் காட்டும் ஆய்வுகளில் இது தீராத தொல்லை, ஏனென்றால் பணியே மூச்சை மாற்றுகிறது. மூச்சின் தாளமும் பணியின் தாளமும் ஒன்றாகிவிட்டால் புள்ளியியலால் பிரிக்க முடியாது. வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் கூடவே பதிவு செய்வதுதான் வழி. பல ஆய்வுகள் மூச்சின் அசைவைப் பதியும் வயிற்றுப் பட்டையோடு நிறுத்திக்கொள்கின்றன, அதுவும் இல்லாதவை இன்னும் அதிகம்.

2. காபி. இரண்டு மூன்று கப் காபியில் உள்ள காஃபின் ஓய்வு நிலை ஓட்டத்தைச் சுமார் கால் பங்கு குறைக்கும். ஸ்கேனுக்கு முன் குடித்தாரா, வழக்கமாகக் குடிப்பவர் அன்று விட்டுவிட்டாரா என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

3. ரத்தசோகை. சமிக்ஞையின் மூலப்பொருளே ஹீமோகுளோபின்தான். அது குறைந்தால் உச்ச சமிக்ஞையும் குறையும். ஈடுகட்ட ஓய்வு ஓட்டம் கூடியிருக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண், பெண் மூளைகளை ஒப்பிடும் எஃப்எம்ஆர்ஐ ஆய்வு இங்கே நடந்தால் முதலில் கேட்க வேண்டியது ஹீமோகுளோபின் அளவு.

4. வயதும் குழாய் நோயும். வயதாக ஆகக் குழாய்கள் விறைத்து, விரியும் திறன் குறைகிறது. முதியவரின் சமிக்ஞை சிறியதாக வந்தால் அது நியூரானின் தளர்வா, குழாயின் விறைப்பா? கழுத்துத் தமனி கடுமையாக அடைத்தவர்களில் சிலருக்கு ஓய்விலேயே குழாய்கள் ஏறக்குறைய முழுதாக விரிந்து நிற்கும். மேலும் விரிய இடமில்லாததால், செலவு கூடும்போது சமிக்ஞை கீழே போகும். மேலே உள்ள மூன்றாவது நிலைமை அப்படியே.

5. வடிகால் சிரைகள். ஆக்சிஜன் மாற்றம் நிகழும் ரத்தம் சிரை வழியே ஓடிப்போய்ச் சில மில்லிமீட்டர் தள்ளிப் பெரிய சமிக்ஞையைத் தரும். படத்தில் மிகப் பிரகாசமான புள்ளி பல நேரம் சிரையின் மேல் விழுந்திருக்கும்.

தலை அசைவையும் சேர்க்கலாம், ஆனால் அதைச் சமாளிக்கும் வழிமுறைகள் ஓரளவு பழகிவிட்டன. செத்த சால்மன் மீனின் மூளையில் 'செயல்பாடு' கண்ட 2009ஆம் ஆண்டு வேடிக்கைச் சோதனையை இங்கே இழுப்பவர்கள் உண்டு. அது புள்ளியியல் பிழையைப் பற்றியது. ரத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

செலவைத் தனியாக அளக்கும் வழி

நம்பகமான அளவுகோல் என்று இன்றும் கருதப்படுவது ஆக்சிஜன்-15 கொண்ட பெட் ஸ்கேன். அதன் அரை ஆயுள் 122 நொடிதான்; அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே வளாகத்தில் இருந்தாக வேண்டும், கதிர்வீச்சும் உண்டு. ஆகவே மிகச் சில மையங்களில்தான் முடியும்.

எம்ஆர்ஐக்குள்ளேயே செய்யும் மாற்று வழி, அளவுதிருத்திய எஃப்எம்ஆர்ஐ:

1. தமனி ரத்தத்தைக் கழுத்தில் ரேடியோ துடிப்பால் குறியிட்டு, அது மூளைக்கு வந்த பின் படமெடுத்து, குறியிடாத படத்திலிருந்து கழிப்பார்கள். வேறுபாடுதான் ரத்த ஓட்டம். வழக்கமான அளவு: 1.8 நொடி குறியிடல், 1.8 நொடி காத்திருப்பு.
2. முகமூடி வழியே 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சில நிமிடம் கொடுத்து, ஓட்டத்தையும் போல்ட்டையும் சேர்த்து அளப்பார்கள்.
3. செலவு மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு, உச்ச சமிக்ஞையை ஒவ்வொரு பகுதிக்கும் கணக்கிடுவார்கள்.
4. பிறகு பணி. ஓட்டம், போல்ட், உச்ச சமிக்ஞை மூன்றும் கையில் இருப்பதால் செலவின் மாற்றத்தைச் சமன்பாட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

கெடும் இடங்கள்: முதல் படியின் வேறுபாட்டுச் சமிக்ஞை 1 சதவீதம்கூட இருக்காது, பலமுறை எடுத்துச் சராசரி போட வேண்டும். குறி ரத்தத்தில் 1.65 நொடி அளவில் தேய்வதால், அடைப்புள்ள குழாயில் மெதுவாக வரும் ரத்தம் வந்து சேரும்போது குறி அழிந்திருக்கும். ஓட்டம் இருந்தும் 'இல்லை' என்று காட்டும். மூன்றாம் படியின் அனுமானமும் விவாதத்துக்குரியது. முகமூடி மூச்சுத்திணறலைச் சகிக்காதவர்களும் உண்டு.

எங்கே பாதிப்பு, எங்கே இல்லை

விரல் அசைவுக்கான பகுதி, பார்வைப் பகுதி போன்றவற்றில் போல்ட் கூடுவது உழைப்பைக் குறிக்கிறது என்பதற்கு, நேரடி மின்பதிவுகள் உட்பட வலுவான சான்றுகள் உள்ளன. 2001இல் நிகோஸ் லோகோதெட்டிஸ் குழு குரங்குகளில் மின்பதிவையும் போல்ட்டையும் ஒரே நேரத்தில் எடுத்துக் காட்டியது அதில் முக்கியமானது. இந்த முடிவுகள் அசையவில்லை.

பாதிப்பு அதிகம் படுவது, குழாய்கள் மாறியிருக்கக்கூடிய இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுகளில்: முதியோர்–இளையோர், மருந்து உண்பவர்–உண்ணாதவர், மறதி நோயாளிகள்–மற்றவர். அங்கே 'செயல்பாடு குறைந்தது' என்று வாசித்தால், ரத்த ஓட்டத்தைத் தனியாக அளந்தார்களா என்று பார்க்க வேண்டும். அளக்கவில்லை என்றால், 'போல்ட் மாற்றம் குறைந்தது' என்பதற்கு மேல் அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை.

மூளைக் கட்டி அறுவைக்கு முன் பேச்சு, கை அசைவுப் பகுதிகளைக் குறிக்க எஃப்எம்ஆர்ஐ பயன்படுகிறது. கட்டியைச் சுற்றியுள்ள குழாய்கள் நியூரானின் கட்டளைக்கு விரியாமல் போவதுண்டு. அங்கே படம் வெறுமையாக இருந்தாலும் திசு வேலை செய்துகொண்டிருக்கலாம். அதனால் அனுபவமுள்ள குழுக்கள் வண்ணம் இல்லாத இடத்தை வெட்டத் தகுந்த இடமாக எடுத்துக்கொள்வதில்லை. மூச்சடக்கிச் செய்யும் ஸ்கேனில் அந்தப் பகுதியின் குழாய்கள் விரிகின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் நோயாளியை விழிப்பில் வைத்து, அறுவையின்போதே மின்தூண்டல் கொடுத்துச் சரிபார்ப்பார்கள்.